ஒரு மே மாத வெட்டும் எட்டு மரங்களும்: ஓக் வாடல் நோய் பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே அனோகா மணற்சமவெளி என்றொரு நிலப்பரப்பு இருக்கிறது. பனியாறுகள் உருகி ஓடியபோது விட்டுச்சென்ற மணலால் ஆன நிலம் அது. ஓக் மரங்கள் அங்கே அடர்ந்து நிற்கின்றன; மரத்தின் நீர்க்குழாய்களைத் தாக்கும் பூஞ்சை நோயான ஓக் வாடல் நோயும் நெடுங்காலமாக அங்கே வேரூன்றியிருக்கிறது. மரப் பராமரிப்புப் பணியில் இருக்கும் நான், அங்குள்ள ஒரு வீட்டு மனையில் நின்ற 31 ஓக் மரங்களை நான்கு கோடைகள் தொடர்ந்து கவனித்து வந்தேன். அவற்றில் 8 மரங்களை இழந்தோம். அந்த எட்டில் இரண்டு மரங்கள் போனதற்கு, நோயின் வேகத்தைக் காட்டிலும், வேர்களை அறுத்து நோயைத் தடுக்க நிலத்தில் நாங்கள் கோடு கிழித்த இடமே காரணம் என்று கருதுகிறேன். அந்த இடத்துக்கு ஒப்புதல் தந்தவன் நான். ஆகவே நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

மனையில் இருந்த மரங்களில் 22 சிவப்பு ஓக் தொகுதியைச் சேர்ந்தவை: 17 வடக்குப் பின் ஓக் (pin oak), 5 வடக்குச் சிவப்பு ஓக். மீதி ஒன்பதும் வெள்ளை ஓக் தொகுதி. அவற்றில் ஆறு பர் ஓக், மூன்று வெள்ளை ஓக். இலையைப் பார்த்தே இரு தொகுதிகளையும் பிரித்தறியலாம். சிவப்புத் தொகுதியின் இலை மடல்கள் கூராக முடிந்து, நுனியில் மயிரிழை போன்ற ஒரு முள்ளைத் தாங்கியிருக்கும். வெள்ளைத் தொகுதியின் மடல்கள் வட்டமாக முடியும். மர நோயைப் பார்ப்பவருக்கு இதைவிட முக்கியமான வேறுபாடு வேறில்லை. ஒரே பூஞ்சை சிவப்புத் தொகுதி மரத்தைச் சில வாரங்களில் கொன்றுவிடுகிறது. வெள்ளைத் தொகுதி மரமோ அதே பூஞ்சையோடு பல ஆண்டுகள் போராடி, சில நேரம் மீண்டும்விடுகிறது.

முதல் அறிகுறி

ஜூலை இரண்டாம் வாரத்தில், வீட்டு நடைபாதையை ஒட்டி நின்ற ஒரு பின் ஓக்கின் உச்சி மட்டும் வெண்கல நிறமாக மாறியதை வீட்டுக்காரர் கவனித்திருக்கிறார். மழை குறைவு என்று எண்ணி இரண்டு வாரம் தண்ணீர் விட்டுப் பார்த்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தது நான்காம் வாரம். எங்கள் வரைபடத்தில் 7 என்று எண்ணிட்ட அந்த மரத்தின் மேற்பாதி அதற்குள் வெறுமையாகிவிட்டது. கீழே தரை முழுவதும் இலை.

அந்த இலைகள்தாம் முதலில் பேசின. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியும் ஓரங்களும் வெந்நீரில் முக்கியதுபோல் மங்கிய பழுப்பு. காம்பை ஒட்டிய அடிப்பகுதியோ இன்னும் பச்சை. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல் தெளிவான எல்லை. சில இலைகள் முழுப் பச்சையாகவே உதிர்ந்து கிடந்தன. வறட்சியில் வாடும் ஓக் தன் இலையை இவ்வாறு பாதி பச்சையாக, ஜூலையில், கூடை கூடையாகக் கொட்டுவதில்லை. பார்த்தவுடன் என் மனத்தில் ஓக் வாடல் நோய் என்ற முடிவு வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனத்தில் வந்த முடிவை வைத்து நிலத்தைத் தோண்டவோ மரத்தை வெட்டவோ கூடாது. இதே தோற்றத்தின் ஒரு பகுதியைக் காட்டக்கூடிய பிற காரணங்கள் பல இருக்கின்றன.

முதலில் அடிமரத்தைப் பார்த்தேன். ஆர்மிலேரியா என்னும் வேரழுகல் பூஞ்சை இருந்தால், வேர்க்கழுத்துப் பட்டைக்கு அடியில் விசிறிபோல் பரவிய வெண்ணிறப் பூஞ்சை இழைகளும், காலணிக் கயிறு போன்ற கறுத்த இழைக்கற்றைகளும் கிடைக்கும். இரண்டும் இல்லை. அடுத்து, வலுவிழந்த ஓக்கை உச்சியிலிருந்து காயவைக்கும் இருகோட்டுத் துளைப்பான் வண்டு: அது வெளியேறிய துளைகள் ஆங்கில டி எழுத்தின் வடிவில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலத்தில் பட்டையில் தெரியும், அது கொன்ற கிளைகளில் இலை காய்ந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கும், மரம் சாக இரண்டு மூன்று ஆண்டுகள் எடுக்கும். இங்கே இலை உதிர்ந்திருந்தது, துளைகளும் இல்லை. ஆந்த்ரக்னோஸ் என்னும் இலைக்கருகல் ஈரமான வசந்தத்தில் கீழ்க்கிளைகளிலும் உட்கிளைகளிலும் தொடங்கும். பார்க்க மோசமாக இருந்தாலும் வளர்ந்த மரத்தைக் கொல்லாது. பாக்டீரியா இலைக்கருகல் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல வளரும், சில வாரங்களில் முடியாது. பட்டையைச் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ போர்த்தும் ஹைப்பாக்ஸிலான் பூஞ்சையும் காணப்படவில்லை. அது பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்த மரத்தில் வரும் பின்விளைவு.

கலிஃபோர்னியாவின் கடலோர ஓக் மரங்களை 1990-களின் நடுவிலிருந்து கொன்றுவரும் ‘திடீர் ஓக் மரணம்’ இதுதானா என்று வீட்டுக்காரர் கேட்டார். பெயர் ஒத்திருப்பதால் பலருக்கும் வரும் ஐயம் அது. அந்த நோயை உண்டாக்கும் ஃபைட்டாஃப்தோரா ரமோரம் உண்மையான பூஞ்சையே அன்று. நீர்ப்பூஞ்சை வகையைச் சேர்ந்த வேறோர் உயிரி. அது அடிமரப் பட்டையைத் தாக்கிச் சாறு வடியும் புண்களை உண்டாக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

மாதிரி எடுத்தல்

ஓக் வாடல் நோயில் ஆய்வக முடிவு பொய்யாக ‘இல்லை’ என்று வருவதற்கு மிகப் பெரிய காரணம், தவறான கிளையை வெட்டி அனுப்புவது. காய்ந்து இறந்த கிளையில் இந்தப் பூஞ்சையை வளர்த்தெடுக்க முடியாது. வெயிலில் சூடேறிய கிளையிலும் அது செத்துவிடும். நமக்கு வேண்டியது வாடிக்கொண்டிருக்கும், ஆனால் பட்டைக்கடியில் இன்னும் ஈரம் உள்ள கிளை. தூக்குவண்டியில் ஏறி, கட்டைவிரல் பருமனுள்ள நான்கு கிளைகளிலிருந்து சாண் நீளத் துண்டுகளை எடுத்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கத்தியால் பட்டையைச் சீவிப் பார்த்தேன். மூன்றில் சாற்றுக்கட்டை, அதாவது பட்டைக்கு அடுத்துள்ள நீரேறும் வெளிக்கட்டை, பழுதில்லாத வெளிர்மஞ்சளாக இருந்தது. நான்காவதில் மட்டும், பென்சிலால் விட்டுவிட்டுக் கீறியதுபோல் மெல்லிய பழுப்புக் கோடுகள் கிளையின் நீளவாக்கில் ஓடின. சிவப்புத் தொகுதியில் இந்தக் கோடுகள் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். பர் ஓக்கில்தான் தெளிவாகத் தெரியும். துண்டுகளைப் பையில் மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே அனுப்பினேன். வளர்ப்பூடகத்தில் பூஞ்சை வளர்ந்து அடையாளம் காணப்பட 12 நாட்கள் ஆயின. முடிவு: பிரெட்ஸியெல்லா ஃபேகேசியாரம். அதற்குள் 7-ஆம் மரத்தில் ஓர் இலைகூட இல்லை.

இந்தப் பூஞ்சை விஸ்கான்சின் மாநிலத்தில் 1940-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டு, 1944-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நெடுங்காலம் செரட்டோசிஸ்டிஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்து, 2017-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அமெரிக்காவின் கிழக்கு, நடு மாநிலங்களிலும் டெக்சஸிலும் பரவியிருந்த நோய், 2023-இல் எல்லை தாண்டிக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் உறுதிசெய்யப்பட்டது.

மரம் எப்படிச் சாகிறது

ஓக்கின் கட்டை வளையத்துளைக் கட்டை. ஒவ்வொரு வசந்தத்திலும் அது வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு அகன்ற புதிய நீர்க்குழாய்களை உருவாக்கிக்கொள்கிறது. அந்த ஆண்டு வேரிலிருந்து இலைக்கு ஏறும் நீரில் பெரும்பகுதி அந்த ஒரே வெளிவளையத்தின் வழியாகத்தான் போகிறது. பூஞ்சையின் வித்துகள் அந்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால் நீரோட்டத்தோடு மிதந்து மரமெங்கும் போய்விடுகின்றன. மரம் சும்மா இருப்பதில்லை. குழாயை ஒட்டிய உயிரணுக்கள் டைலோஸ் எனப்படும் பலூன் போன்ற புடைப்புகளைக் குழாய்க்குள் செலுத்தி, பூஞ்சை மேலே போகாதபடி அடைக்கின்றன. சிவப்புத் தொகுதியில் இந்த அடைப்பு பூஞ்சை பரவிய பிறகு, எங்கும் ஒருசேர நடக்கிறது. பூஞ்சையும் அடைப்பும் சேர்ந்து நீரை நிறுத்த, உச்சி முதலில் காய்கிறது. வெள்ளைத் தொகுதி மரமோ பூஞ்சை நுழைந்த இடத்திலேயே விரைந்து அடைத்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வளையம் அதன்மேல் வளர்ந்து பூஞ்சையை உள்ளே புதைத்துவிடுகிறது.

இதை வீட்டுக்காரருக்கு விளக்க நான் இரண்டு சிறு கட்டைகளை எடுத்துச் சென்றேன். சிவப்பு ஓக் கட்டையின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் வாயால் ஊதினால் நீரில் குமிழிகள் எழும். வெள்ளை ஓக் கட்டையில் எவ்வளவு ஊதினாலும் ஒன்றும் வராது. அதன் குழாய்கள் டைலோஸால் அடைபட்டவை. மது தேக்கிவைக்கும் பீப்பாய்களை வெள்ளை ஓக்கில் செய்வதும் அதனால்தான். அதுவரை நான் சொன்ன எதையும் பாதி நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டிருந்த அவர், அந்தக் குமிழிகளைப் பார்த்த பிறகுதான் சரியான கேள்வியைக் கேட்டார்: ‘வித்து உள்ளே எப்படி வந்தது?’

வெட்டும் வண்டும்

விடை 7-ஆம் மரத்திலேயே இருந்தது. நிலத்திலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில், நடைபாதைப் பக்கமாக, மூன்று கிளைகள் அடியோடு அறுக்கப்பட்டிருந்தன. நடைபாதையை அகலப்படுத்திச் சரளைக்கல் கொட்ட வந்த லாரிக்கு வழிவிடுவதற்காக, மே மூன்றாம் வாரத்தில் கூலிக்கு வந்த ஒருவர் வெட்டியது. வெட்டு நேர்த்தியாகவே இருந்தது. பிழை நேர்த்தியில் இல்லை, மாதத்தில்.

மினசோட்டாவில் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக்கைக் கவாத்து செய்யக்கூடாது என்பது மர வேலை செய்வோர் எல்லாருக்கும் சொல்லப்படும் விதி. நவம்பர் முதல் மார்ச் வரை பாதுகாப்பான காலம். வசந்தத்தில் இரண்டு நிகழ்வுகள் ஒரே வேளையில் நடப்பதால் இந்த விதி வந்தது: மரத்தில் புதிய அகன்ற குழாய்கள் திறந்திருக்கின்றன, முந்தைய கோடையில் செத்த சிவப்பு ஓக்குகளின் பட்டைக்கடியில் பூஞ்சைப் படலங்கள் வித்துகளோடு முதிர்ந்திருக்கின்றன. படலத்தில் மேயும் சாறுண்ணி வண்டுகள் புதுக்காயத்தின் சாற்று மணத்துக்கும் வருகின்றன. காயம் ஆபத்தாக இருப்பது முதல் சில நாட்கள்தான். ஆனால் அந்தச் சில நாட்களில் ஒரே வண்டு போதும். புயலில் கிளை முறிந்தோ, தவிர்க்க முடியாமல் வெட்டியோ காயம் ஏற்பட்டால் உடனே, அதாவது ஏணியிலிருந்து இறங்குவதற்கு முன்பே, வண்ணம் பூசி மூடவேண்டும். பிற மரங்களில் வெட்டுக்காயத்துக்கு வண்ணம் பூசுவது பயனற்றது என்று நாங்களே சொல்வோம். ஓக்குக்கு மட்டும், இந்த மாதங்களுக்கு மட்டும், இது விலக்கு.

படலம் இருந்த மரத்தைத் தேடி அக்கம்பக்கத்து மனைகளில் நடந்தேன். சுமார் 250 மீட்டர் தொலைவில் ஒரு சிவப்பு ஓக் இலையின்றி நின்றது. மெல்லிய சுள்ளிகள் இன்னும் ஒடியாமல் இருந்ததால் அது முந்தைய ஆண்டுதான் செத்திருக்க வேண்டும். பட்டையில் நீளவாக்கில் வெடிப்புகள். உள்ளே கறுத்துக் காய்ந்த பழைய படலங்கள். அதன் பக்கத்தில் இன்னொரு சிவப்பு ஓக் அந்த வாரமே வாடிக்கொண்டிருந்தது. இரண்டையும் மார்ச்சுக்குள் அகற்றும்படி அந்த மனைக்காரரைக் கேட்டுக்கொண்டோம். முதலாவதை அகற்றினார். இரண்டாவது அடுத்த மே வரை நின்றது.

அந்த மே மாதத்தில் அதைப் பார்க்கப் போனபோது கண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்பளவு உயரத்தில் பட்டை, கத்தி நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. கோடரி முனையால் நெம்பியதும் பட்டை ஒரு பலகைபோல் கழன்று வந்தது. உள்ளே உள்ளங்கை அளவில் சாம்பல் நிற வெல்வெட் துணியை ஒட்டிவைத்ததுபோல் படலம். அதன் நடுவில் கடினமான ஒரு மேடு. அதற்கு நேர் எதிரே, கழன்ற பட்டையின் உட்புறத்திலும் அதேபோல் இன்னொரு மேடு. இந்த இரண்டு மேடுகளும் ஒன்றையொன்று அழுத்தித்தான் பட்டையை உள்ளிருந்து பிளந்திருந்தன. பழுத்து நொதிக்கத் தொடங்கிய பழத்தின் மணம் சட்டென்று முகத்தில் அடித்தது. படலத்தின்மீது எள்ளைவிடச் சற்றுப் பெரிய நான்கைந்து வண்டுகள் வெளிச்சம் பட்டதும் விளிம்பை நோக்கி ஓடின. இந்தப் பூஞ்சைக்கு இரண்டு இணைவகைகள் உண்டு; பாலினப்பெருக்கம் நடக்க ஒரு வகையின் வித்து மற்ற வகையின் படலத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அதையும் இந்த வண்டுகளே செய்துகொடுக்கின்றன. மரத்தைத் திறக்க மேடு, வண்டை அழைக்க மணம் என்று பூஞ்சை தன் பயணத்துக்கான எல்லாவற்றையும் பட்டைக்கடியிலேயே தயார்செய்துகொள்வதை அவ்வளவு அருகில் பார்த்தபோது, இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் எனக்கு உடல் சிலிர்த்தது.

நிலத்தடியில் ஒரு கோடு

வண்டு கொண்டுவருவது முதல் மரத்துக்கு மட்டுமே. அதன் பிறகு நோய் நடப்பது நிலத்துக்கடியில். ஒரே தொகுதியைச் சேர்ந்த ஓக் மரங்கள் அருகருகே வளரும்போது அவற்றின் வேர்கள் ஒன்றோடொன்று அழுந்தி இணைந்துவிடுகின்றன, நீர்க்குழாய்களும் தொடர்ந்துவிடுகின்றன. பின் ஓக் கூட்டம் ஒன்றை, மேலே பல மரம், கீழே ஒரே மரம் என்றே கொள்ளவேண்டும். மணல் நிலத்தில் வேர் வெகுதூரம் ஓடுவதால் இந்த இணைப்பு இன்னும் தொலைவில் நிற்கும் மரங்களுக்கும் எட்டுகிறது. டெக்சஸில், படலமே உண்டாகாத லைவ் ஓக் மரங்களில், நோய் ஆண்டுக்குச் சராசரியாக 75 அடி முன்னேறுவது இந்த வேர்வழியில்தான்.

ஆகவே சிகிச்சை என்பது ஒரு மரத்துக்குத் தரும் மருந்தாக இருக்க முடியாது. நோயுற்ற பகுதிக்கும் நலமான பகுதிக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு வேர்களை வெட்டிப் பிரிக்கவேண்டும். அதிர்வுக் கலப்பை எனப்படும் இயந்திரத்தின் நீண்ட அலகு, மண்ணை வெளியே அள்ளாமல், நிலத்தைக் கிழித்துக்கொண்டே போகும். பள்ளம் திறந்திருக்கத் தேவையில்லை, வேர் அறுந்தால் போதும். நோயுற்ற மரத்தின் பருமன், பக்கத்து மரத்தின் பருமன், மண்ணின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு கோடு எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்று கணக்கிடும் முறையும் உண்டு. ஒழுங்கு ஒன்றும் உண்டு: முதலில் வேரை வெட்டு, பிறகு மரத்தை வெட்டு. நோயுற்ற மரத்தை முதலில் சாய்த்துவிட்டால், அதுவரை இரண்டு மரங்களும் பங்கிட்டுக்கொண்ட வேர்நீரை நலமான மரம் மட்டும் இழுக்கும். பூஞ்சையும் அந்தப் பக்கம் விரையும்.

கணக்கின்படி எங்களுக்கு இரண்டு கோடுகள் தேவைப்பட்டன. 7-ஆம் மரத்துக்கும் அதைச் சுற்றிய நான்கு பின் ஓக்குகளுக்கும் வெளியே ஓர் உட்கோடு. 12-ஆம் மரத்துக்கும் வெளியே ஒரு வெளிக்கோடு. 12 என்பது 68 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிவப்பு ஓக். 7-ஆம் மரத்திலிருந்து 11 மீட்டரில், வீட்டின் மேற்கு வெயிலை முழுவதும் மறைத்துக்கொண்டு நின்றது. வெளிக்கோடு போட்டால் இரண்டு விளைவுகள். புதிதாகப் போட்ட சரளை நடைபாதையை இரண்டு இடத்தில் கிழிக்கவேண்டும். அதைவிடப் பெரியது, 12-ஆம் மரத்தை ‘நோய்ப்பக்கம்’ என்று வகைப்படுத்தவேண்டும். முழு முறைப்படி, கோட்டுக்குள் இருக்கும் சிவப்புத் தொகுதி மரங்கள் அனைத்தையும், பச்சையாக இருந்தாலும், அகற்றவேண்டும். ஓர் இலைகூட வாடாத மரத்தை வெட்டச் சொல்வது யாருக்குமே எளிதன்று. வீட்டுக்காரர் உட்கோடு மட்டும் போதும் என்று கேட்டார். உள்ளே இருந்த நான்கு மரங்களையும் ஓராண்டு பார்க்கலாம் என்றார். நான் மறுத்திருக்கவேண்டும். குறைந்தபட்சம், வெளிக்கோடு இல்லாமல் உட்கோடு பயனற்றுப்போகலாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கவேண்டும். 12-ஆம் மரம் பிழைத்துவிடும் என்று நானும் நம்ப விரும்பினேன். அக்டோபரில் உட்கோடு மட்டும் கிழித்தோம். நவம்பரில் 7-ஆம் மரத்தைச் சாய்த்தோம்.

இரண்டாம் கோடை

ஜூலை முதல் வாரத்தில், கோட்டுக்குள் இருந்த நான்கில் இரண்டு வாடின. அதை எதிர்பார்த்திருந்தோம். பத்து நாள் கழித்து 12-ஆம் மரத்தின் தென்கிழக்கு உச்சியில், அதாவது 7-ஆம் மரம் நின்ற பக்கத்தில், ஒரு கை அகலத்துக்கு வெண்கல நிறம் தெரிந்தது. ஆகஸ்ட் நடுவில் அந்த மரத்தில் இலை இல்லை. இயந்திரம் அக்டோபரில் வந்தபோது பூஞ்சை ஏற்கெனவே கோட்டைத் தாண்டி அதன் வேருக்குள் போயிருந்தது என்பதே இதற்குப் பொருள்.

இப்போது வெளிக்கோடு இன்னும் வெளியே போகவேண்டியதாயிற்று. 12-ஆம் மரத்துக்கு அப்பால் இரண்டு பின் ஓக்குகள் அதன் வேர் எட்டும் தூரத்தில் நின்றன. அவை நலமாகவே தெரிந்தன. முதல் ஆண்டே வெளிக்கோடு போட்டிருந்தால் அவை பாதுகாப்பான பக்கத்தில் இருந்திருக்கும். இந்த முறை விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆகஸ்ட் இறுதியில், சரளை நடைபாதையையும் கிழித்துக்கொண்டு, அந்த இரண்டுக்கும் வெளியே புதிய கோடு போனது. டிசம்பரில் உள்ளே இருந்த ஏழு சிவப்புத் தொகுதி மரங்களையும் வெட்டினோம். வாடியவை மூன்று, வாடாதவை நான்கு. வாடாத நான்கின் வேர்க்கழுத்திலிருந்தும் மாதிரி எடுத்து அனுப்பினேன். இரண்டில் பூஞ்சை வளர்ந்தது. அவற்றில் ஒன்று, 12-ஆம் மரத்துக்கு அப்பால் நின்ற பின் ஓக். பார்வைக்கு அப்பழுக்கில்லாத மரம் அது.

வீட்டுக்காரர் அந்த முடிவைப் படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு மரத்தைக் கொடுக்க மனம் வராமல் மூன்றைக் கொடுத்தோம் என்று சொன்னது அவர்தான். அவரை அப்படிச் சொல்லவிட்டதும் என் தவறு. மரத்தின்மேல் அன்பு கொண்டவர் தயங்கத்தான் செய்வார். தயங்காமல் கோட்டின் இடத்தைச் சொல்வதற்காகத்தான் என்னை அழைக்கிறார்.

பர் ஓக்

கோட்டுக்குள் ஒரு பர் ஓக்கும் இருந்தது. சிவப்புத் தொகுதிக்கும் வெள்ளைத் தொகுதிக்கும் இடையே வேரிணைப்பு அரிது. ஆயினும் இரண்டாம் கோடையில் அதன் ஒரு கிளை மட்டும் பழுத்தது. மொத்தக் கவிகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. சீவிப் பார்த்தால் சாற்றுக்கட்டையில் பழுப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன, ஆய்வகமும் உறுதிசெய்தது. இங்கே மருந்துக்கு வேலை இருந்தது. அடிமரம் வேரோடு விரியும் இடத்தில் மண்ணை விலக்கி, சுற்றிலும் சிறு துளைகளிட்டு, நீரில் கரைத்த புரோப்பிகோனசோல் பூஞ்சைக்கொல்லியைக் குழாய்கள் வழியே வெளிவளையத்தில் செலுத்தினோம். அறிகுறி குறைவாக உள்ள வெள்ளைத் தொகுதி மரங்களில் இது பலன் தருகிறது. பாதி வாடிய சிவப்பு ஓக்குக்கு இதைச் செலுத்துவது பணத்தையும் நம்பிக்கையையும் வீணாக்குவது. நலமான சிவப்பு ஓக்குக்கு முன்கூட்டியே தரலாம், அது மரம் வாடாமல் காக்கலாம். ஆனால் வேர்வழியே பூஞ்சை அடுத்த மரத்துக்குக் கடந்துபோவதை அது நிறுத்தாது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் தரவும் வேண்டும். கோட்டுக்கு மாற்றாக ஊசியைக் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

கட்டைகள்

வெட்டிய எட்டு மரங்களின் கட்டையையும் விறகாக யாருக்கும் கொடுக்கவில்லை. பட்டையோடு இருக்கும் சிவப்பு ஓக் கட்டை அடுத்த வசந்தத்தில் படலம் விடும். ஒரு விறகுச் சுமை வண்டியில் ஏறினால், வண்டு ஆயுள் முழுதும் பறக்க முடியாத தூரத்தை நோய் ஒரே நாளில் கடந்துவிடும். கிளைகளைத் தூளாக அரைத்தோம். தூள் விரைவில் காய்ந்துவிடுவதால் பூஞ்சை அதில் பிழைப்பதில்லை. பருத்த கட்டைகளில் பாதிக்குப் பட்டை உரித்தோம். மீதியை அடுக்கி, கனமான தார்ப்பாயால் மூடி, விளிம்புகளை நாற்புறமும் மண்ணில் புதைத்து, அடுத்த கோடை முடியும்வரை திறக்கவில்லை. புதைப்பதுதான் இதில் முக்கியம். விளிம்பில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் வண்டுக்கு அது வாசல்.

நான்காம் கோடை

மூன்றாம் கோடையில் கோட்டுக்கு வெளியே எந்த மரமும் வாடவில்லை. நான்காம் கோடையின் ஜூலை கடைசி வாரத்தில், வீட்டுக்காரரும் நானும் கோடு போன தடத்தில் முழுவதும் நடந்தோம். தடம் புல்லில் மறைந்துவிட்டது. நடைபாதையில் மட்டும் சரளையின் நிறம் சற்று மாறி, அது கடந்த இடம் தெரிகிறது. வெளியே 14 சிவப்புத் தொகுதி மரங்களும் முழு இலையோடு நிற்கின்றன. வெள்ளைத் தொகுதியின் ஒன்பதும் இருக்கின்றன. பர் ஓக்கின் காய்ந்த கிளையை ஜனவரியில் அறுத்தாயிற்று, அதன் மற்றக் கிளைகளில் அறிகுறி இல்லை. அறுந்த வேர்கள் மீண்டும் வளர்ந்து இணையக்கூடும் என்பதாலும், வெட்டிய மரங்களின் வேரில் பூஞ்சை சில ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதாலும், இன்னும் இரண்டு கோடைகள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வாரம் ஒருமுறை உச்சிகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 12-ஆம் மரம் நின்ற இடத்தில் அவர் வெள்ளை ஓக் கன்று ஒன்றை நட்டிருக்கிறார். அதன் தாழ்ந்த கிளை ஒன்று நடைபாதைப் பக்கம் சாய்கிறது. அதை டிசம்பரில் வெட்டலாம் என்று குறித்துவைத்திருக்கிறோம்.